எண்ணித் தைத்த எழுத்து

திருகோணமலையிலிருந்து தென்மேற்கே செல்லும் பெருஞ்சாலையில், பெருங்குளத்தைத் தன் அணியாகக் கொண்டு விளங்குவது கந்தளாய். அதற்கு அண்மையில் பலமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று முதலாம் விசயபாகு மன்னனின் 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் நங்கைசானி என்னும் அந்தணப் பெண் தன் கணவன் நினைவாகக் கந்தளாய்ச் சிவன் கோயிலுக்கு அளித்த கொடையை அது கூறுகின்றது. அவள் ஈந்தது கல்லில் நிலைத்தது. அவள் காலத்துப் பெண்கள் உடுத்தவையும் தைத்தவையும் ஈரத்தால் இற்றும் செல்லரித்தும் மறைந்தன. ஊசியின் வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு முதல் இடர் இதுவே. துணி எஞ்சிய நாடுகளிலும் பழைய பள்ளிகளின் வரலாற்றிலுந்தான் அதனைத் தேட வேண்டியிருக்கின்றது.

தையல் வகைகளுள் மிக எளியது குறுக்குத் தையல். வாக்குச் சீட்டில் நாம் இடும் புள்ளடியே அதன் வடிவம். சாய்ந்த இழை ஒன்று, அதனைக் குறுக்கே வெட்டும் இழை மற்றொன்று; அவ்வளவே. துணியின்மேல் முன்னதாகக் கோலம் வரைய வேண்டுவதில்லை. நெடுக்கு நூலையும் குறுக்கு நூலையும் எண்ணத் தெரிந்தாற் போதும். புள்ளி எண்ணி முற்றத்தில் கோலமிடும் தமிழ்ப் பெண்ணுக்கு இக்கணக்குப் புதிதன்று.

இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1598 எனத் தன்னிடத்தே ஆண்டு தைக்கப்பெற்ற மாதிரித் துணி ஒன்று உண்டு. சேன் பொசுற்றொக் என்பவர், அலிசு லீ என்னும் குழந்தை பிறந்ததைக் குறித்து அதனைத் தைத்தார். பூவும் விலங்கும் மட்டுமல்ல, நெடுங்கணக்கும் அதில் உண்டு. பின்வந்த நூற்றாண்டுகளில் எழுத்தே இத்தையலின் உயிராயிற்று. செல்வர் வீட்டு விரிப்புகளும் கைத்துண்டுகளும் சலவைக்குச் சென்று மாறிவிடாதபடி மூலையில் எழுத்தும் எண்ணும் தைத்து அடையாளமிடுவது வழக்கம். பிரித்தானியாவின் பிரிசுற்றல் நகரில் சோர்ச்சு முல்லர் நடத்திய அநாதை இல்லங்களின் சிறுமியர், 19ஆம் நூற்றாண்டில் சிவப்பு நூலால் இம்மியளவான புள்ளடிகளைக் கொண்டு வரிவரியாக எழுத்துகளைத் தைத்தனர். வேலைக்குச் செல்லும் வீட்டில் தன் கைத்திறனைக் காட்ட அத்துணியே சான்று. எழுத்தறிவித்த ஊசியே அச்சிறுமியைப் பிறர் வீட்டுப் பணிக்கும் அனுப்பியது என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

நம் அண்டை நாட்டிலும் எண்ணித் தைக்கும் மரபு பழமையானது. கருநாடகத்தின் தார்வாடப் பகுதியில் வழங்கும் கசூதித் தையலின் நால்வகையுள் ஒன்று குறுக்குத் தையலே. அதற்கு அங்கே மெந்தி, அதாவது வெந்தயம், என்று பெயர். அடுக்களையில் புழங்கிய கையே அப்பெயரை வைத்திருக்கும் போலும்! நீலகிரித் தோதவப் பெண்கள் வெண்துணியில் செந்நூலும் கருநூலும் கொண்டு செய்யும் வேலை புள்ளடி வகையன்று. ஆயினும் இழையை எண்ணும் கணக்கு அதற்கும் பொது.

இலங்கைத் தமிழ்ச் சிறுமியர்க்கு ஊசிவேலை பாடமாக வந்த கதையில் உடுவில் சிறப்பிடம் பெறும். அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஆரியற்று வின்சிலோ அம்மையார் 1824இல் அங்கே பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பெண் எழுத்தறிவது குடும்பத்துக்கு ஆகாது என்று எண்ணிய காலம் அது. தையல் கற்பதற்கு அத்தகைய தடை இருக்கவில்லை. வீட்டுக்கு உதவும் தொழில் என்று பெற்றோர் அதனை ஏற்கக்கூடும். வாசிப்பும் எழுத்தும் கணக்கும் ஊசிவேலையும் அங்கே ஒருங்கே நடந்தன. அம்மையார் 1833இல் இறந்தார். 1840இல் வந்த எலிசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அப்பாடசாலையிலேயே உழைத்து, தாய்நாடு திரும்பாமலே 1883இல் மறைந்தார். அவரிடம் பயின்ற பெண்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர்.

இன்று இத்தையலைத் தொடங்குவோர்க்கு நூலிழை சீராக ஓடும் துணியும் முனை மழுங்கிய ஊசியும் வேண்டும். அங்குலத்துக்குப் பதினான்கு கட்டமுள்ள துணி கண்ணுக்கு வருத்தந் தராது. துணியை நான்காக மடித்து நடுவைக் கண்டு, அங்கிருந்து தொடங்குதல் நலம். நூலில் முடிச்சிடலாகாது, வால் நுனியைப் பின்புறம் பிடித்துக்கொண்டு அடுத்துவரும் தையல்களுக்குள் அடக்கிவிட வேண்டும். கீழிழைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய, மேலிழைகள் எல்லாம் மறுபக்கம் சாய வேண்டும். இதனைக் கவனியாதவர் வேலையில் ஒளி பட்டவுடன் திட்டுத் திட்டாகக் குற்றம் தெரியும். முதலில் பெயரெழுத்துத் தைக்க விரும்பும் சிறுமிக்கு 'ட'வும் 'ப'வும் எளியவை, நேர்கோடுகளாகவே அமைந்தவை. 'ழ'வின் சுழிக்குக் கட்டத்தாளில் முன்னரே புள்ளி குறித்துக்கொள்ள வேண்டும்.