வ. வே. சு. ஐயரின் துப்பாக்கிப் பயிற்சி

வ. வே. சு. ஐயர் புதுச்சேரியில் விடுதலைப் போராட்ட இளைஞர்களுக்கு மறைவாகக் குறிபார்த்துச் சுடும் பயிற்சி அளித்தார். பிரித்தானிய இந்தியாவில் இந்தியர் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்க 1878 ஆயுதச் சட்டம் தடை விதித்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் அச்சட்டம் செல்லாது. இலண்டன் இந்தியா ஹவுசில் இயங்கிய ஐயர் 1910இல் அங்கு வந்தார்.

திருவிதாங்கூர் வனத்துறை ஊழியரான வாஞ்சிநாதன் 1911 தொடக்கத்தில் அவரிடம் பயின்றார். அவ்வாண்டு சூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில், தொடருந்துப் பெட்டியில் இருந்த திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை அருகில் நின்று சுட்டுக் கொன்றார். பின்னர் தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் பயன்படுத்தியது சுழல் துப்பாக்கியன்று. பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி.

தொடர்ந்த சதி வழக்கில் நீலகண்ட பிரம்மச்சாரி ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த ஐயரைப் பிரித்தானியக் காவல்துறையால் கைது செய்ய இயலவில்லை.