டெத் விஷ் படங்களில் துப்பாக்கிகள்

டெத் விஷ் 1974-ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம். மைக்கேல் வின்னர் இயக்கிய இப்படத்தில் சார்லஸ் பிரான்சன் கதைநாயகனாக நடித்தார். வழிப்பறிக்காரர்களால் மனைவியை இழந்து, மகளும் மனநிலை குலைந்துபோன நிலையில், பால் கெர்சி என்ற கட்டடக் கலைஞர் இரவில் நியூயார்க் தெருக்களில் இறங்கி வழிப்பறிக்காரர்களைச் சுட்டுக் கொல்வதே கதை. பிரான்சன் நடிப்பில் 1994 வரை மொத்தம் ஐந்து படங்கள் வந்தன. சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் நாயகனைப் பற்றிய படங்களுக்கு இவ்வரிசையே இன்றும் முதல் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது.

இப்படங்களின் வன்முறை குறித்து நிறைய எழுதப்பட்டுள்ளது. நாயகனின் கையிலிருந்த துப்பாக்கி படத்துக்குப் படம் எப்படி மாறியது என்பது அந்த அளவுக்குக் கவனிக்கப்படவில்லை. முதல் படத்தில் அது சட்டைப்பைக்குள் மறையும் ஒரு பழைய ரிவால்வர். மூன்றாம் படத்தில் அது பெரிய விலங்குகளை வேட்டையாடும் பிஸ்டல். இடைப்பட்ட காலம் பதினொரு ஆண்டுகள்தான்.

முதல் படம்: கோல்ட் போலீஸ் பாசிட்டிவ்

கெர்சி முதலில் எடுக்கும் ஆயுதம் துப்பாக்கி அன்று. காலுறை ஒன்றுக்குள் சில்லறை நாணயக் கட்டுகளைப் போட்டு, அதைச் சுழற்றி ஒரு வழிப்பறிக்காரனை அடித்து விரட்டுகிறார். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் கை நடுங்குகிறது. துப்பாக்கி இதற்குப் பிறகே வருகிறது. அதையும் அவர் தேடிப் போய் வாங்குவதில்லை.

அலுவலக வேலையாக அரிசோனா மாநிலத்தின் டூசான் நகருக்குச் செல்லும் கெர்சியை, ஜெயின்சில் என்னும் நிலவணிகர் துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துச் செல்கிறார். கெர்சி கொரியப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து மருத்துவப் பிரிவில் பணியாற்றியவர். அவருடைய தந்தை வேட்டையில் தவறுதலாகச் சுடப்பட்டு இறந்தவர். ஆனாலும் குறி பிசகாமல் சுடுகிறார். அதே பயணத்தில் ஓல்டு டூசானில் சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தப்படும் போலித் துப்பாக்கிச் சண்டையையும் பார்க்கிறார். இந்த இடம் 1939-இல் ஒரு திரைப்படத்துக்காகப் போடப்பட்ட ஊர் அரங்கம். சினிமா எழுப்பிய பொய்யான மேற்குலகைப் பார்த்துவிட்டு ஒரு நகரவாசி துப்பாக்கியோடு ஊர் திரும்புகிறான் என்பதை வின்னர் தெரிந்தே வைத்தார் என்றுதான் தோன்றுகிறது.

விமான நிலையத்தில் விடைபெறும்போது ஜெயின்சில் ஒரு பரிசுப்பொருளைக் கெர்சியின் பெட்டிக்குள் வைக்கிறார். நியூயார்க் வந்து பிரித்துப் பார்த்தால், உள்ளே நிக்கல் பூசிய கோல்ட் போலீஸ் பாசிட்டிவ் ரிவால்வர் ஒன்று, தோட்டாக்களுடன் இருக்கிறது. அதன் அளவு .32. குழல் விட்டம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் என்று பொருள். ஆறு தோட்டாக்கள் கொள்ளும். விசையை முழுதாக இழுத்தாலன்றிச் சுத்தி தோட்டாவைத் தொடாதபடி தடுக்கும் பாதுகாப்பு அமைப்பிலிருந்தே இதன் பெயரிலுள்ள பாசிட்டிவ் என்ற சொல் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் காவலர்களுக்காக உருவான வடிவம் இது. 1974-இல் பார்த்தவர்களுக்கே பழைய துப்பாக்கியாகத்தான் தெரிந்திருக்கும்.

இது எந்த ஊரில் கிடைத்தது என்பது முக்கியம். நியூயார்க் மாநிலத்தில் 1911-ஆம் ஆண்டின் சல்லிவன் சட்டப்படி, மறைத்து வைக்கக்கூடிய துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். நியூயார்க் நகரில் சாதாரணக் குடிமகனுக்கு அந்த உரிமம் எளிதில் கிடைத்ததில்லை. அரிசோனாவிலோ அப்போது இடுப்பில் வெளிப்படையாகத் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு நடக்க உரிமம் தேவைப்படவில்லை. ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கு இடையே இருந்த இந்த வேறுபாட்டை ஒரு பயணப்பெட்டி கடக்கிறது. படத்தின் கதை முழுவதும் அந்தப் பெட்டியில்தான் தொடங்குகிறது.

பூங்காவில் தன்னை மறித்த ஒருவனை முதன்முதலாகச் சுட்டுக் கொன்றபின் கெர்சி வீட்டுக்கு ஓடிவந்து வாந்தி எடுக்கிறார். சிறிய துப்பாக்கியின் சிறிய ஓசைக்கு இந்தக் காட்சி கொடுக்கும் கனம், பின்னர் வந்த படங்களின் வெடிச்சத்தம் எதற்கும் கிடைக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. குடும்பத்தை அழித்த மூவரைக் கெர்சி கடைசிவரை சந்திப்பதே இல்லை. அவர் சுடுவது வேறு ஆட்களை. படத்துக்கு அடிப்படையான நாவலை 1972-இல் எழுதிய பிரையன் கார்ஃபீல்ட், திரைப்படம் தம் கதையின் எச்சரிக்கையைக் கொண்டாட்டமாக மாற்றிவிட்டதென்று கருதினார். அதற்கு மறுமொழிபோல 1975-இல் டெத் சென்டன்ஸ் என்ற தொடர்ச்சி நாவலை எழுதினார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த டர்ட்டி ஹாரி (1971) வேறு வழியில் சென்றது. அதில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் காவல் அதிகாரி ஏந்தியது ஸ்மித் அண்டு வெஸ்சன் மாடல் 29. தன் துப்பாக்கியின் ஆற்றலை அவரே வசனத்தில் எடுத்துச் சொல்கிறார். படத்துக்குப் பிறகு கடைகளில் அந்த மாடல் கிடைப்பதே அரிதாயிற்று. துப்பாக்கியும் ஒரு நடிகராகலாம் என்பதைத் தயாரிப்பாளர்கள் அப்போது கற்றுக்கொண்டனர். டெத் விஷ் முதல் படம் அந்தப் பாடத்தைப் பின்பற்றவில்லை.

1984: சுரங்க ரயில்

1984 டிசம்பர் 22 அன்று நியூயார்க் சுரங்க ரயிலில் பெர்ன்ஹார்ட் கெட்ஸ் என்பவர், தம்மிடம் பணம் கேட்ட நான்கு கறுப்பின இளைஞர்களைச் சுட்டார். நால்வரும் உயிர் பிழைத்தனர். ஒருவர் நிரந்தரமாக முடங்கிப்போனார். கெட்ஸ் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வழிப்பறிக்கு ஆளாகி, துப்பாக்கி உரிமம் கேட்டு மறுக்கப்பட்டவர். பிறகு ஃபுளோரிடாவில் ஐந்து தோட்டா கொள்ளும் .38 ரிவால்வர் ஒன்றை வாங்கியிருந்தார். நாளிதழ்கள் உடனே டெத் விஷ் படத்தின் பெயரை எடுத்தன.

படத்தைப் பார்த்துத்தான் அவர் சுட்டார் என்று சொல்வதற்கு ஆதாரமில்லை. அவ்வாறு சொல்வது சோம்பேறித்தனமும் ஆகும். ஆயினும் கெர்சியின் கதைக்கும் இந்த வழக்குக்கும் பொதுவாக இருப்பது ஒன்று: உரிமம் கிடைக்காத நகரம், துப்பாக்கி எளிதில் கிடைக்கும் வேறொரு மாநிலம். திரைக்கதை அந்த ஓட்டையைப் பத்தாண்டு முன்பே சரியாகக் காட்டியிருந்தது. 1987-இல் நடுவர் குழு கெட்ஸைக் கொலை முயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து, உரிமமில்லாத ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்கு மட்டும் தண்டித்தது. 1996-இல் உரிமையியல் வழக்கில், முடங்கிப்போன இளைஞருக்கு 4.3 கோடி டாலர் தர வேண்டுமென்று மற்றொரு நடுவர் குழு தீர்ப்பளித்தது. படத்தில் கெர்சிக்கு நீதிமன்றம் என்பதே இல்லை.

மூன்றாம் படம்: வில்டி மேக்னம்

இரண்டாம் படம் (1982) லாஸ் ஏஞ்சலஸில் நடப்பது. அதில் கெர்சி ஒரு பெரெட்டா பிஸ்டலைப் பயன்படுத்துகிறார். துப்பாக்கியைப் பொறுத்தவரை அதில் சொல்வதற்கு அதிகமில்லை. திருப்பம் 1985-இல் வந்த மூன்றாம் படத்தில்தான்.

கதை மீண்டும் நியூயார்க்கில் நடக்கிறது, படப்பிடிப்பின் பெரும்பகுதி லண்டனில் நடந்தபோதிலும். குண்டர்களிடம் சிக்கிய குடியிருப்பு ஒன்றில் தங்கும் கெர்சி, நண்பர் ஒருவர் வரப்போவதாகச் சொல்கிறார். அஞ்சலில் பொட்டலமாக வந்து சேரும் அந்த நண்பரின் பெயர் வில்டி. .475 வில்டி மேக்னம் என்பது கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த வில்டி மூர் உருவாக்கிய, தோட்டா வெடிக்கும் வாயுவின் அழுத்தத்தால் இயங்கும் வேட்டைப் பிஸ்டல். தோட்டாவின் விட்டம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். படக்குழு மூரிடமே ஆலோசனை கேட்டது. திரையில் காணப்படுவது அவருடைய சொந்தத் துப்பாக்கி.

இத்தோட்டா ஆப்பிரிக்காவில் பெருவிலங்குகளைச் சுடும் தோட்டாவின் குறுகிய வடிவம் என்பதுபோல் படத்தில் கெர்சி விளக்குகிறார். உண்மையில் இது .284 வின்செஸ்டர் என்ற அமெரிக்க ரைஃபிள் தோட்டாவின் உறையைக் குறுக்கி, வாயை அகலமாக்கிச் செய்யப்பட்டது. ஆனால் கெர்சியும் பக்கத்து வீட்டுப் பெரியவர் பென்னெட்டும் ஒரு பிற்பகல் முழுவதும் மேசையில் அமர்ந்து மருந்தை அளந்து போட்டுத் தோட்டா தயாரிக்கும் காட்சி சரியானதே. இந்தத் தோட்டாவைச் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் தாமே செய்துகொண்டனர். படத்தின் அமைதியான சில நிமிடங்கள் அவை.

அஞ்சல்வழி வாங்குவதுதான் உறுத்துகிறது. கென்னடி கொலைக்குப் பின்னர் வந்த 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், வேறு மாநிலத்திலிருந்து தனிநபர் அஞ்சலில் துப்பாக்கி வருவித்துக்கொள்வதைத் தடைசெய்துவிட்டது. முதல் படம் சட்டத்தின் ஓட்டையை அறிந்து அதன் வழியே நடந்தது. மூன்றாம் படத்துக்குச் சட்டம் இருப்பதாகவே நினைவில்லை. இறுதிச் சண்டையில் பென்னெட் போரிலிருந்து கொண்டுவந்த பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கி தெருவில் முழங்குகிறது. குண்டர் தலைவன் ஓர் அறைக்குள் ராக்கெட்டால் சுடப்பட்டுச் சாகிறான். எத்தனை பேர் இறந்தனர் என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது. யாரும் வாந்தி எடுப்பதில்லை.

இப்படம் கேபிள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும்போதெல்லாம் தம் பிஸ்டலின் விற்பனை கூடியதாக வில்டி மூர் கூறியுள்ளார்.

மறுஆக்கம்

2018-இல் எலி ராத் இயக்கத்தில் புரூஸ் வில்லிஸ் நடித்த மறுஆக்கம் வெளியானது. ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டு வாரமே ஆகியிருந்தது. இதில் கெர்சி சிகாகோவில் அறுவை மருத்துவர். காயமுற்று வந்த ஒருவரிடமிருந்து தரையில் விழும் கிளாக் பிஸ்டலை எடுத்துக்கொள்கிறார். இணையக் காணொளிகளைப் பார்த்துச் சுடக் கற்கிறார். பிடி சரியில்லாததால் முதல் மோதலிலேயே பிஸ்டலின் மேற்பகுதி பின்னுக்கு வந்து அவர் கையைக் கிழிக்கிறது. பழக்கமில்லாதவர்களுக்கு உண்மையிலேயே நேரும் காயம் இது. பழைய ஐந்து படங்களில் எதிலும் துப்பாக்கி தன் சொந்தக்காரரைக் காயப்படுத்தியதில்லை.

கடைசிக் காட்சியின் சைகையை மறுஆக்கமும் வைத்துக்கொண்டது. 1974 படத்தின் முடிவில் .32 ரிவால்வர் காவல்துறையின் கைக்குப் போய்விடுகிறது. விளம்பரத்துக்கு அஞ்சும் அதிகாரிகள் வழக்கை மூடிவிட்டுக் கெர்சியை ஊரைவிட்டு அனுப்புகின்றனர். சிகாகோ ரயில் நிலையத்தில் இறங்கும் அவர், ஒரு பெண்ணைத் தொல்லைசெய்யும் இளைஞர்களைப் பார்த்து, வெறுங்கையின் சுட்டுவிரலை நீட்டிக் குறிபார்த்துப் புன்னகைக்கிறார்.