அடங்காத கம்பி

1977. மேற்கு பெர்லினில் பிரிவுச் சுவருக்குப் பக்கத்தில் இருந்த ஹான்சா ஸ்டுடியோ. டேவிட் போவியின் 'ஹீரோஸ்' பாட்டுக்கு கித்தார் வாசிக்க ராபர்ட் ஃபிரிப் வந்திருக்கிறார். எதிரே காதைப் பிளக்கும் சத்தத்தில் ஆம்ப். ஸ்பீக்கரிலிருந்து ஏறக்குறைய நாலடி தள்ளி நின்றால் 'ஏ' சுரம் ஓயாமல் ஒலிக்கிறது. 'ஜி' சுரத்துக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே போக வேண்டியிருக்கிறது. எந்தச் சுரத்துக்கு எங்கே நிற்பது என்று பார்த்துத் தரையில் அடையாளம் வைத்துக்கொண்டார்கள். ரெக்கார்டிங் தொடங்கியதும் ஃபிரிப் ஒரு அடையாளத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்து நகர்ந்து வாசித்தார். அந்த ஒலி பிரையன் ஈனோவின் சிந்தசைசர் வழியாகவும் போனது. மூன்று முறை வாசித்ததை தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி ஒன்றாகக் கலந்தார்.

அந்த முடிவில்லாத கித்தார் ஒலி 'ஈ-போ' என்ற கருவியின் வேலை என்று நினைக்கிற ரசிகர்கள் இன்றும் உண்டு. இல்லை. அன்றைக்கு அந்த வேலையைப் பார்த்தது தரையில் இருந்த அடையாளங்கள்தான்.

இத்தனை பாடு எதற்கு? வயலினுக்கு வில் இருக்கிறது, நாகசுரத்துக்கு மூச்சு இருக்கிறது. இழுக்கிற வரை, ஊதுகிற வரை ஒலி நிற்கும். கித்தாருக்கு வாய்த்தது ஒரே ஒரு சுண்டல். அதில் கிடைத்த சக்தியை வைத்தே கம்பி கடைசிவரை காலம் தள்ள வேண்டும். சுண்டிய கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்கிவிடும். சுரத்தை நீட்டிப் பிடிப்பதை நம் சங்கீதக்காரர்கள் கார்வை என்பார்கள். கித்தார்காரர்கள் 'சஸ்டெயின்' என்கிறார்கள். எலக்ட்ரிக் கித்தாரின் சரித்திரத்தில் பாதி, இல்லாத இந்தக் கார்வையைத் தேடி அலைந்த கதை.

முதல் தேடல் மரத்தில் நடந்தது. உள்ளே கூடாக இருக்கும் கித்தாரில் கம்பியின் அதிர்வை மேல்பலகை வாங்கி அறைக்குள் வாரி இறைத்துவிடுகிறது. ஒலி பெரிதாகக் கேட்கும், சீக்கிரம் தீர்ந்தும்போகும். 1940 வாக்கில் லெஸ் பால் என்ற கலைஞர் நியூயார்க்கின் எபிஃபோன் தொழிற்சாலையில் விடுமுறை நாளில் புகுந்து, நாலங்குலச் சதுர பைன் கட்டை ஒன்றில் கம்பியும், அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பும் பொருத்தினார். பார்க்க கித்தார் மாதிரி இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் வேறொரு கித்தாரின் பாதிகளை ஒட்டவைத்தார். அந்தக் கட்டைக்கு 'லாக்' என்று பெயர். கிப்சன் கம்பெனி முதலில் சிரித்து அனுப்பியது. 1950-இல் ஃபெண்டர் கட்டை கித்தாரைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு கிப்சனுக்கு ஞானோதயம் வந்தது. 1952-இல் லெஸ் பால் பெயரிலேயே ஒரு கித்தார் வெளியானது. அதன் சஸ்டெயின் புகழ் எந்த அளவுக்குப் போனதென்றால், 1984-இல் வந்த 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' படத்தில், மீட்டாத லெஸ் பாலின் நீண்ட நாதத்தைக் கேட்கச் சொல்கிற ஒரு பாத்திரமே உண்டு.

ஆனால் காலால் மிதிக்கும் பெடலைப் பிறப்பித்தது மரமல்ல, ஒரு பழுது.

நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வரி' பாட்டு பதிவானபோது, கிரேடி மார்ட்டின் ஆறு கம்பி பேஸில் ஒரு தனி வாசித்தார். ஸ்டுடியோ மேசையில் அவருடைய சேனலின் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகியிருந்தது. பேஸ் ஒலி கிழிந்து, உறுமலாக வெளிவந்தது. அழித்துவிட்டு மறுபடி எடுக்காமல் அப்படியே விட்டார்கள். 1961-இல் பாட்டு பெரிய ஹிட். அதே உறுமல் தங்களுக்கும் வேண்டும் என்று மற்றவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். சவுண்ட் இன்ஜினியர் கிளென் ஸ்னாடி, ரெவிஸ் ஹாப்ஸ் என்ற இன்னொரு இன்ஜினியரோடு சேர்ந்து, அந்தப் பழுதை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வேண்டுமென்றே உண்டாக்கும் பெட்டி ஒன்றைச் செய்து கிப்சனிடம் கொடுத்தார். 1962-இல் அது 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' ஆனது. காலால் மிதித்தால் கித்தார் செல்லோ ஆகும், டிரம்பெட் ஆகும் என்று விளம்பரம் செய்தார்கள். யாரும் நம்பவில்லை, பெட்டிகள் கடை அலமாரியில் தூங்கின. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ், 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டில் பின்னால் ஊதுகருவிகள் வாசிக்கப்போகிற இடத்தைக் காட்டி வைக்க இதை மிதித்தார். ஊதுகருவி வரவில்லை, ஃபஸ்ஸே நின்றுவிட்டது. தூங்கிய பெட்டிகள் அந்த வருடமே விற்றுத் தீர்ந்தன.

ஃபஸ் எப்படி நாதத்தை நீட்டுகிறது? உண்மையில் நீட்டுவதில்லை. சிக்னலைப் பல மடங்கு பெருக்கி, அலையின் உச்சியைச் சீவித் தள்ளிவிடுகிறது. ஓங்கிச் சுண்டினாலும் ஒலி அதே உயரம்தான், பாதி அடங்கினாலும் அதே உயரம்தான். கம்பி தேய்வது உள்ளே நடந்துகொண்டே இருக்கும், காதுக்குத் தெரியாது. சீவிய விளிம்புகளிலிருந்து எழும் கூடுதல் சுரங்கள் அதற்குச் செல்லோ போன்ற கரகரப்பைக் கொடுக்கின்றன. லண்டனில் ஜேம்ஸ் பாண்ட் இசைக்கு கித்தார் வாசித்த விக் ஃபிளிக், மேஸ்ட்ரோவைக் கேரி ஹர்ஸ்ட் என்பவரிடம் கொண்டுபோய், இது இன்னும் நீளமாக ஒலிக்க வேண்டும் என்று கேட்டார். அதிலிருந்து 1965-இல் 'டோன் பெண்டர்' வந்தது.

நியூயார்க்கில் ஐபிஎம் விற்பனையாளராக இருந்து எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் கம்பெனி தொடங்கியவர் மைக் மேத்யூஸ். பெல் லேப்ஸைச் சேர்ந்த பாப் மையரோடு சேர்ந்து அவர் 1969-இல் 'பிக் மஃப்' கொண்டுவந்தார். இந்தச் சரித்திரத்தில் ஒரே ஒரு பெடலைத்தான் சொல்லலாம் என்றால் சொல்ல வேண்டியது இதைத்தான். பெரிய தகரப் பெட்டி, மேலே மூன்று குமிழ்: வால்யூம், டோன், 'சஸ்டெயின்'. அந்த 'சஸ்டெயின்' குமிழ் செய்வதெல்லாம் உள்ளே சீவும் கட்டங்களுக்குள் சிக்னலை எவ்வளவு பலமாகத் தள்ளுவது என்பதுதான். கூட்டினால் கரகரப்பும் கூடும். அதற்கு 'சஸ்டெயின்' என்று பெயர் வைத்தது வியாபார மூளை, கெட்டிக்கார மூளையும்கூட. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் 1979-இல் 'கம்ஃபர்ட்டப்ளி நம்ப்' பாட்டில் வாசித்த தனியில் கேட்பது இந்தப் பெட்டிதான். பேஸ்காரர்களும் விட்டுவைக்கவில்லை. மெட்டாலிக்காவின் கிளிஃப் பர்ட்டன் 1983-இல் தனி பேஸ் வாசிப்பாகவே ஒரு முழு டிராக்கைப் பதிவு செய்தபோது அவர் காலடியிலும் பிக் மஃப் இருந்தது.

கரகரப்பு இல்லாமல் கார்வை வேண்டும் என்றவர்களுக்கு வேறு வழி இருந்தது: கம்ப்ரஸர். வால்யூம் குமிழைப் பிடித்தபடி ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சுண்டியதும் குறைப்பான், ஒலி தேயத் தேயக் கூட்டிக்கொண்டே போவான். ஸ்டுடியோக்களில் பீரோ மாதிரி அடுக்கி வைத்திருந்த இந்த வித்தையை 1970-களில் எம்எக்ஸ்ஆரின் 'டைனா காம்ப்' இரண்டே குமிழில் காலடிக்குக் கொண்டுவந்தது. 1978-இல் ஜப்பானின் பாஸ் கம்பெனி தன் 'சிஎஸ்-1' பெடலுக்குப் பெயரிலேயே 'சஸ்டெய்னர்' என்று சேர்த்தது. இதற்கு ஒரு விலை உண்டு. அந்த ஆள் கடைசியில் கூட்டும்போது கம்பியின் ஒலியை மட்டும் கூட்டுவதில்லை, அதோடு வரும் இரைச்சலையும் சேர்த்தே கூட்டுகிறான். பேஸ் கம்பி தடிமனானது, தானாகவே நெடுநேரம் அதிரும். அதனால் பேஸ்காரர்கள் கம்ப்ரஸரை வாங்குவது பெரும்பாலும் நீளத்துக்காக அல்ல, சுண்டலுக்குச் சுண்டல் ஒலி சமமாக இருப்பதற்காக.

ஃபஸ்ஸும் கம்ப்ரஸரும் காதை ஏமாற்றுகின்றன. கம்பியை நிஜமாகவே அதிரவைத்துக்கொண்டிருக்கும் வழி, ஃபிரிப் தரையில் தேடியதுதான்: ஸ்பீக்கரின் காற்று கம்பியை மறுபடி தள்ளுவது. ஊஞ்சல் திரும்பி வரும்போதெல்லாம் சரியான நேரத்தில் ஒரு தள்ளு கொடுத்தால் அது நிற்காது அல்லவா? இதைக் கைக்குள் அடக்கியவர் கிரெக் ஹீட். 1969-இல் தோன்றிய யோசனை, 1976-இல் 'ஈ-போ' என்று கடைக்கு வந்தது. உள்ளே ஒரு சுருள் கம்பியின் அதிர்வைக் கேட்கும், இன்னொன்று அதையே பெருக்கிக் காந்தமாகக் கம்பியைத் தள்ளும். ஒன்பது வோல்ட் பேட்டரி உள்ளவரை சுரம் நிற்காது. ஒரு நேரத்தில் ஒரே கம்பி என்பது மட்டும்தான் குறை.

கனடாவின் மைக்கேல் புரூக் இதே தத்துவத்தைக் கித்தாருக்குள்ளேயே வைத்து 'இன்ஃபினிட் கித்தார்' செய்தார். 1987-இல் யு2-வின் 'வித் ஆர் வித்தவுட் யூ' பாட்டில் முனகலாக நீள்கிற ஒலி அந்தக் கித்தாருடையது. அதே புரூக்தான் 1995-இல் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸோடு 'டிரீம்' ஆல்பம் செய்தார். பொருத்தமான ஜோடி. எட்டுக் கம்பி மாண்டலினில் கமகத்துக்கும் கார்வைக்கும் நாதம் போதாது என்று, ஐந்து கம்பி எலக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறியவர் ஸ்ரீநிவாஸ். சென்னை சபாக்களில் கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2010-இல் வந்த எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் 'ஃபிரீஸ்' கம்பியையே கைவிட்டது: மிதித்த கணத்தின் ஒலியைப் பிடித்து, கால் எடுக்கும்வரை டிஜிட்டலாகச் சுழற்றிக்கொண்டிருக்கும். ஆக, 'சஸ்டெயின்' என்று எழுதிய பெட்டியை வாங்கப் போகிறவர்கள் உள்ளே எந்த வித்தை இருக்கிறது என்று கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது. ஒரே ஒரு சுரத்தைச் சுண்டிவிட்டு, அது முழுதாக அடங்கும்வரை கையை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒலி கரகரத்தால் அது ஃபஸ். கடைசியில் இரைச்சல் மேலெழுந்து வந்தால் கம்ப்ரஸர்.