கோத்தா ராஜா: தோட்டம் கலைந்து பிறந்த தொகுதி

1941-இல் மலாயாவின் (இன்றைய மலேசியா) கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. தோட்டத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது தமிழ்த் தொழிலாளர்களின் கோரிக்கைகளில் ஒன்று. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்கு முறையான பள்ளி ஆகியவற்றையும் கேட்டார்கள். முன்னின்று நடத்தியவர், 'தமிழ் நேசன்' உதவி ஆசிரியராக இருந்த ஆர். எச். நாதன். மே மாதம் அவர் கைதானார். கொந்தளித்த தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இதே வட்டாரத்தின் கோத்தா ராஜா நாடாளுமன்றத் தொகுதி 2003-இல்தான் வரையப்பட்டது. ஆனாலும் அதன் கதையை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கட்சி வந்து சொல்லிக்கொடுத்த பிறகு அரசியல் கற்ற மக்கள் அல்லர் இத்தொகுதியின் தமிழர்கள்.

சுதந்திரத்துக்குப் பின் நடந்த முதல் பொதுத்தேர்தலில், 1959-இல், கிள்ளான் தொகுதி மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் வெ. மாணிக்கவாசகத்தை மக்களவைக்கு அனுப்பியது. அப்போது வாக்குகள் தோட்டத்து லயங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தன. பிறகு பால்மரங்கள் சாய்ந்தன, செம்பனை வந்தது, அதையும் வெட்டிவிட்டுத் தொழிற்பேட்டைகளும் தாமான் எனப்படும் குடியிருப்புகளும் எழுந்தன. சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலாமே சுங்கை ரெங்கம் தோட்ட நிலத்தில் எழுந்த நகரம்தான். லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பல, கிள்ளானுக்குத் தெற்கே தாமான் செந்தோசா, ஸ்ரீ அண்டாலாஸ், ஸ்ரீ மூடா என்று மலிவாக வீடு கிடைத்த இடங்களில் ஒதுங்கின. இந்த இடப்பெயர்ச்சியைப் பலரும் வளர்ச்சிக் கதையாகவே எழுதுகிறார்கள். என் பார்வையில் அது முதலில் ஓர் இழப்பு.

2003 எல்லைச் சீரமைப்பில் சிலாங்கூரின் நாடாளுமன்றத் தொகுதிகள் 17-இலிருந்து 22 ஆயின. கோத்தா ராஜா அவற்றுள் ஒன்று. வாக்காளர்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் இந்தியர். இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லாத நாட்டில் இது பெரிய பங்கு. அன்றைய ஆளும் கூட்டணியான தேசிய முன்னணி அதை ம.இ.கா.வுக்கு ஒதுக்கியது. 2004-இல் எஸ். ஏ. விக்னேஸ்வரன் வென்றார்.

அடுத்த தேர்தலிலேயே எல்லாம் மாறியது. 2007 நவம்பர் 25-இல் இந்து உரிமை இயக்கமான இண்ட்ராஃபின் அழைப்பில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கோலாலம்பூர் வீதிகளில் திரண்டு கண்ணீர்ப்புகையை எதிர்கொண்டார்கள். 2008 மார்ச்சில் கோத்தா ராஜா, பாஸ் கட்சியின் டாக்டர் சித்தி மரியா மாமூட்டை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தது. இஸ்லாமியக் கட்சி வேட்பாளருக்குத் தமிழர்கள் வாக்களித்ததை வெறும் கோபம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. 2013-இலும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 2018, 2022 இரு தேர்தல்களிலும் அமானா கட்சித் தலைவர் மாட் சாபு வென்றார். தமிழ்ப் பிரதிநிதிகளை அதற்குள் அடங்கிய சட்டமன்றத் தொகுதிகள் தந்தன: ஸ்ரீ அண்டாலாசில் டாக்டர் சேவியர் ஜெயகுமார், 2018 சீரமைப்புக்குப் பின் செந்தோசாவில் குணராஜ், கோத்தா கெமுனிங்கில் கணபதிராவ்.

என் கவலை வேட்பாளரின் இனத்தைப் பற்றியதன்று, வாக்கின் எடையைப் பற்றியது. 2022-இல் கோத்தா ராஜாவில் வாக்காளர்கள் 2,40,000-க்கும் மேல். சரவாக்கின் இகான் தொகுதியில் சுமார் 28,000. இரண்டுக்கும் நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு இடம். சுதந்திரத்தின்போது அரசியலமைப்பு, தொகுதிகளுக்கிடையே 15 விழுக்காட்டு வேறுபாட்டையே அனுமதித்தது. 1962-இல் அந்த வரம்பு தளர்த்தப்பட்டது. 1973-இல் முற்றிலும் நீக்கப்பட்டது. தோட்டத்தை விட்டுப் புறநகருக்கு வந்தவரின் வாக்கு, வந்த இடத்தில் இப்படி இளைத்துப்போனது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தபோது, அத்தனை லட்சம் பேருக்காக மக்களவையில் இருந்ததும் அந்த ஒற்றை இடம்தான்.

தீபகற்பத்தின் எல்லைகளைக் கடைசியாகத் திருத்தியது 2018 மார்ச். அடுத்த சீரமைப்புக்கு எட்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்பது சட்டம். தேர்தல் ஆணையம் புதிய வரைவை வெளியிட்டதும் ஆட்சேபிக்க ஒரு மாத அவகாசம் உண்டு. பாதிக்கப்படும் தொகுதியின் வாக்காளர்கள் நூறு பேர் சேர்ந்து ஆட்சேபித்தால், ஆணையம் உள்ளூரிலேயே விசாரணை நடத்தியாக வேண்டும். செந்தோசாவின் ஒரே ஒரு தெருவில் அந்த நூறு பேரைத் திரட்டிவிடலாம்.