கொரியர் பாட்டும் ஜப்பானியர் பாட்டும்

கீழ்த்திசைக் கலையென்றால் உலகம் ஒரு காலத்தில் ஜப்பானையே நினைத்தது. 1951-இல் குரோசாவாவின் 'ராஷோமோன்' என்னும் படம் வெனிஸ் விழாவில் முதற்பரிசு பெற்றது. 1963-இல் கியூ சகாமோட்டோ பாடிய ஜப்பானியப் பாட்டு அமெரிக்க இசைத்தட்டு வரிசையில் முதலிடம் எய்தியது. கொரியரைப் பற்றி அந்நாளில் வெளியுலகம் அறிந்ததோ போரும் வறுமையுமே. இன்று நம் வாலிபர் பலர் நாவில் கொரியப் பாட்டே புரளுகின்றது. இதனை முகப்பொலிவின் வெற்றியெனச் சிலர் எளிதிற் கூறிவிடுவர். சரித்திரம் அங்ஙனம் கூறவில்லை.

1910-இல் ஜப்பான் கொரியாவைத் தன் ஆட்சியிற் சேர்த்துக்கொண்டது. 1938-க்குப் பின் பள்ளிகளிலிருந்து கொரிய மொழி அகற்றப்பட்டது. 1940-இல் ஜப்பானியப் பெயர் பூணுமாறு மக்கள் நெருக்கப்பட்டனர். இரு பெரும் கொரிய நாளிதழ்கள் மூடப்பட்டன. (1942 முதல் மூன்றரை ஆண்டுகள் மலாயாவிலும் பிள்ளைகள் 'நிப்பான் கோ' பயின்றதை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.) 1942-இல் கொரியமொழிக் கழகத்து அறிஞர்கள் சிறைப்பட்டனர். அவர் செய்த குற்றம் யாது? தம் தாய்மொழிக்கு அகராதி தொகுத்ததேயாம்! இருவர் சிறையிலேயே மாண்டனர். பறிமுதலான கையெழுத்துப் படி, 1945-இல் ஜப்பான் தோற்ற பின், சியோல் இரயில் நிலையக் கிடங்கொன்றில் அகப்பட்டது.

விடுதலை பெற்ற தென்கொரியா, ஜப்பானியப் பாட்டுக்கும் படத்துக்கும் கதவை அடைத்தது. 1998-இல் கிம் டே ஜுங் ஆட்சியில்தான் அக்கதவு சிறிது சிறிதாகத் திறந்தது. ஜப்பானியக் கலை வெள்ளமாய் வந்து தம்மை மூழ்கடிக்குமென அஞ்சியவர் பலர். நேர்ந்ததோ வேறு. 'குளிர்கால சொனாட்டா' என்னும் கொரியத் தொடர் நாடகம் 2003-இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தோன்றிற்று. மறு ஆண்டு அதன் நாயகன் வந்திறங்கியபோது, ஜப்பானிய மாதர் ஆயிரக்கணக்கில் விமான நிலையத்தில் திரண்டு நின்றனர்!

ஏன் இங்ஙனம்? ஜப்பானின் மக்கள்தொகை தென்கொரியாவினதைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்டது. இசை விற்பனையில் அது உலகில் இரண்டாம் பெருஞ்சந்தை. வீட்டிலேயே வயிறு நிறைபவன் கடல் கடப்பானேன்? அதன் கம்பெனிகள் இசைத்தட்டு விற்பனையையே நம்பின; இணையத்தில் பாட்டை இலவசமாய் விட நெடுநாள் தயங்கின. கொரியருக்கோ சந்தை சிறிது. 1997-இன் பொருளாதார நெருக்கடி வேறு வாட்டிற்று. எனவே, இளைஞரை ஆண்டுக்கணக்கில் ஆடவும் பாடவும் பழக்கி, அயல்மொழியும் கற்பித்து வெளியே அனுப்பினர். அப்பயிற்சியில் இளமையும் உறக்கமும் பறிபோவதை நாம் மறைத்தல் கூடாது. 2012-இல் சை என்பவரின் 'கங்னம் ஸ்டைல்' யூடியூபில் நூறு கோடி முறை காணப்பட்ட முதற் காட்சியாயிற்று.

இதனால் ஜப்பான் வீழ்ந்ததென்று கொள்ளற்க. அதன் சித்திரக்கதைகளையும் உயிரோவியப் படங்களையும் விரும்பாத நாடு அரிது. இளம் பாடகரைக் குழுவாக வளர்க்கும் முறையைக் கொரியர் பெரும்பாலும் ஜப்பானிடமே கற்றனர். ஆயினும், 2020-இல் பி.டி.எஸ். குழுவின் 'லைஃப் கோஸ் ஆன்' அமெரிக்க வரிசையில் முதலிடம் பெற்றபோது, அதன் பெரும்பகுதி பள்ளியினின்று துரத்தப்பட்ட அதே மொழியில் இருந்தது.

கிடங்கில் அகப்பட்ட அந்த அகராதியின் முதற்பகுதி 1947-இல் அச்சேறியது. இப்போது ஜப்பானிலேயே பல உயர்நிலைப் பள்ளிகள் கொரிய மொழியைப் பாடமாகக் கற்பித்து வருகின்றன.