தோட்டத்து ஆஸ்பத்திரியும் நகரத்து ஆஸ்பத்திரியும்

ஆஸ்பத்திரியின் சிறப்பை அதன் கட்டிடத்தைக் கண்டு அளப்பது பலர் வழக்கம். அதை நடத்தும் பணம் எவரிடமிருந்து வந்தது என்று வினவுவதே சரித்திரம் கற்போர் கடமையாகும். மலாயாவின் பழைய நாட்களை நாம் அவ்வாறு நோக்குவோமாக.

நகரத்து ஆஸ்பத்திரிக்குப் பலர் கை கொடுத்தனர். சிங்கப்பூரில் ஏழை நோயாளிகளுக்கென 1844இல் ஆஸ்பத்திரி ஒன்று எழப் பொருள் உதவினார், டான் டோக் செங் என்னும் சீன வணிகர். பின்வந்த செல்வர்களும் சர்க்காரும் அதைத் தாங்கினர். மலாய் நாட்டு நகரங்களிலோ, ஈயத் தீர்வையால் நிரம்பிய சர்க்கார் பொக்கிஷம் செலவை ஏற்றது. 1901இல் டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளானில் மலேரியாவை ஒடுக்க முனைந்தபோது, சதுப்பு நிலங்களை வடிக்க உதவியதும் பொதுப்பணமே.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வாய்த்தது ஒரே பணப்பெட்டி. தொழிலாளருக்கு வைத்தியம் செய்விக்கும் பொறுப்பைச் சட்டம் தோட்ட முதலாளியிடமே விட்டது. செலவைக் குறைத்தால் இலாபம் கூடும் என்னும் நிலையில், மருந்தும் டிரெஸ்ஸரும் கணக்குப் புத்தகத்தில் நஷ்டமாகவே தோன்றின. 1910இல் ரப்பர் ராத்தல் 8 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. மறு ஆண்டில் மலாய் ஐக்கிய நாடுகளின் தோட்டங்களில் 143,614 தொழிலாளருள் 9,040 பேர் மாண்டனர். ஆயிரத்துக்கு ஏறத்தாழ 63 பேர்! ரப்பர் கொழித்த காலத்தின் கணக்கு இது.

தோட்டங்களிடம் வரி தண்டிச் சுகாதாரத்தைப் பொதுவாக நடத்த 1926இல் சட்டம் பிறந்தது. முதலாளிமார் எதிர்த்தனர். பொருளாதார மந்தம் வந்ததும் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1932இல் ரப்பர் ராத்தல் ஏறக்குறைய 2 பென்ஸாக வீழ்ந்தது. நம்மவர் பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

பொதுநிதி திரட்ட முதலாளிமார் அறியாதவரா? அன்று. 1907இலேயே தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டுவிட்டது. எத்தனை தொழிலாளரை வேலை வாங்கினார்களோ அத்தனைக்கும் ஏற்ப எல்லா முதலாளிமாரும் அதற்குப் பணம் செலுத்தினர். அதிலிருந்து நம்மவரின் கப்பற் கூலி கொடுக்கப்பட்டது. ஆளைக் கொண்டுவரும் செலவை ஊர் கூடிச் சுமந்தது. வந்தவன் நோயுற்றால் அவன் உயிர் ஒரு தோட்டத்தின் வரவு செலவைப் பொறுத்திருந்தது.

நோய் எல்லை பார்ப்பதில்லை. தோட்டத்தின் வருவாய்க்கு ஏற்ப வைத்தியம் குறையுமாயின், அங்கே வாழ்வோர் உயிரும் சந்தைச் சரக்காகிவிடும். நோயாளியின் பாரத்தை நாடு முழுவதும் பகிர்ந்து சுமப்பதே நீதி என்பதை இச்சரித்திரம் நமக்கு உணர்த்துகிறது.