எதிரியின் நாய்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நாக்பூரில் எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே ஒரு நாய் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முந்தின ராத்திரி யாரோ கல்யாண ஊர்வலத்தில் வெடித்த வெடிக்குப் பயந்து ஓடி வந்திருக்கிறது. என் மகள்தான் தைரியமாகப் போய்க் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். சின்னத் தகடு, அதில் ஒரு செல்போன் நம்பர்.

நம்பரை என் போனில் போட்டதும் பெயர் வந்துவிட்டது. பக்கத்துக் குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி! போர்வெல் தண்ணீர் விஷயமாக அவர்களுக்கும் எங்களுக்கும் ஆறு மாதமாகக் கடிதப் போர். எங்கள் தரப்பில் கடிதம் எழுதும் ஆள் நான்தான் (பேங்க்காரன் என்றால் லெட்டர் நன்றாக எழுதுவான் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள்). "அவர் நாய்தானே, அவரே தேடிக்கட்டும்" என்று வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, எப்போதோ படித்த ஒரு பழைய கடிதமும் கூடவே ஞாபகம் வந்தது.

சரி, கதைக்கு வருகிறேன்.

வருஷம் 1777. பிரிட்டனிடமிருந்து விடுதலை என்று அமெரிக்கர்கள் பிரகடனம் செய்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அவர்கள் படைக்குத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன். எதிரே பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஹோ. அந்த இலையுதிர் காலம் வாஷிங்டனுக்குப் போதாத காலம். செப்டம்பர் 11 அன்று பிராண்டிவைன் ஆற்றங்கரையில் தோல்வி. செப்டம்பர் 26 அன்று தலைநகரான ஃபிலடெல்ஃபியாவுக்குள் பிரிட்டிஷ் படை நுழைந்துவிட்டது. காங்கிரஸ் உறுப்பினர்கள் அதற்குள் மூட்டை கட்டிக் கிளம்பியிருந்தார்கள்.

எப்படியாவது மீட்க வேண்டும் என்று, ஊருக்கு வெளியே ஜெர்மன்டவுன் என்ற இடத்தில் முகாமிட்டிருந்த ஹோவின் படைமேல் அக்டோபர் 4 விடியற்காலையில் வாஷிங்டன் பாய்ந்தார். முதலில் நன்றாகத்தான் போயிற்று. ஆனால் பக்கத்தில் நிற்கிறவன் முகம் தெரியாத மூடுபனி. கல்லால் கட்டிய ஒரு பெரிய வீட்டுக்குள் நூற்றுச் சொச்சம் பிரிட்டிஷ் வீரர்கள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதை உடைப்பதிலேயே பொன்னான நேரம் போனது. பனியில் அமெரிக்கப் படையின் ஒரு பிரிவு தன் இன்னொரு பிரிவையே சுட்டது. கடைசியில் நகரத்திலிருந்து உதவிப் படையோடு கார்ன்வாலிஸ் வந்து சேர, ஆட்டம் முடிந்தது. ஆமாம், அதே கார்ன்வாலிஸ்தான். பின்னாளில் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து, திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாக வாங்கிக்கொண்டு, இன்று சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் சிலையாக நிற்கிறாரே, அவர்.

அமெரிக்கர்கள் பக்கம் சுமார் 150 பேர் சாவு, 500 பேருக்கு மேல் காயம், 400 பேர் வரை கைதி. இருபது மைலுக்கு மேல் பின்வாங்கி, பென்னிபேக்கர் மில் என்ற இடத்தில் போய் விழுந்தார்கள். இந்த அமளியில் எப்படியோ ஒரு நாயும் வந்து சேர்ந்திருந்தது. அதன் கழுத்துப் பட்டையில் பொறித்திருந்த பெயர் ஜெனரல் ஹோ!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தோற்று, களைத்து, கூட வந்தவனைப் புதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் கூட்டம். தோற்கடித்தவனின் செல்ல நாய் கையில். என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம்.

அக்டோபர் 6 அன்று ஹோவுக்கு ஒரு சீட்டு எழுதப்பட்டது. மொத்தமே ஒரு வாக்கியம். ஜெனரல் வாஷிங்டனின் வணக்கம். தற்செயலாகக் கையில் வந்த ஒரு நாயைத் திருப்பி அனுப்புவதில் அவருக்கு மகிழ்ச்சி. பட்டையில் உள்ள எழுத்தைப் பார்த்தால் அது ஜெனரல் ஹோவுடையது போலத் தெரிகிறது. அவ்வளவுதான் சாரம். நாயைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, போரையே நிறுத்தினார் என்றெல்லாம் இணையத்தில் சுற்றும் சமாச்சாரம் எதுவும் அந்தச் சீட்டில் கிடையாது. நாயின் பெயரும் கிடையாது, ஜாதியும் கிடையாது. வரைவு வாஷிங்டனின் உதவியாளர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் கையெழுத்தில் இருக்கிறது. அப்போது இருபதைத் தாண்டியோ தாண்டாமலோ இருந்த பையன். பின்னால் அமெரிக்காவின் முதல் நிதிச் செயலராகி, 1791ல் அந்த நாட்டுக்கு ஒரு தேசிய வங்கி அமைத்தவர். எங்கள் தொழிலுக்குக் குலதெய்வம் மாதிரி.

என்னை ஆச்சரியப்படுத்தியது நாய்ச் சீட்டு மட்டும் இல்லை. அதே அக்டோபர் 6 தேதியிட்டு வாஷிங்டன் ஹோவுக்கு இன்னொரு கடிதமும் எழுதியிருக்கிறார். அது காரம். பிரிட்டிஷ் படைக்கு மாவு கிடைக்கக்கூடாது என்று அமெரிக்கர்கள் மாவு மில்களைச் செயலிழக்கச் செய்ததை, ஜனங்கள் பட்டினி கிடப்பார்களே என்று ஹோ கண்டித்திருந்தார். அதற்குப் பதில். ஊரையே கொளுத்தியவர்கள் நீங்கள், நீங்களா எனக்குச் சொல்ல வந்தீர்கள் என்ற தொனியில், 1775ல் சார்ல்ஸ்டவுன் எரிந்ததை எல்லாம் இழுத்துப் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். ஒரே தேதி, ஒரே ஆளுக்கு இரண்டு கடிதம். மில் கணக்கில் ஒரு பைசா தள்ளுபடி இல்லை. நாய்க் கணக்கில் ஒரு பைசா பிடித்தமும் இல்லை.

இது வெறும் நாய்ப்பாசம் என்று நான் நினைக்கவில்லை. பாசமும் உண்டு, வேட்டை நாய்களைக் கூட்டமாக வளர்த்துப் பெயர் வைத்துக் கொஞ்சியவர்தான். ஆனால் 1776 ஜூலையில் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். ஹோவின் அண்ணன் அட்மிரல் ஹோ, "ஜெனரல்" போடாமல் வெறும் "ஜார்ஜ் வாஷிங்டன், எஸ்கொயர்" என்று ஒரு கடிதம் அனுப்பினார். கலகக்காரனுக்கு என்ன ஜெனரல் பட்டம் என்பது அவர்கள் எண்ணம். வாஷிங்டன் தரப்பு அதை வாங்கவே இல்லை. பெயர் ஒத்துப்போகாத செக்கை நாங்கள் கவுன்ட்டரில் திருப்புகிற மாதிரி திருப்பிவிட்டார்கள். அதே மனுஷன் இப்போது "ஜெனரல் வாஷிங்டன், ஜெனரல் ஹோவுக்கு" என்று சமமாக நின்று நாயை அனுப்புகிறார். நாங்கள் கொள்ளைக்கூட்டம் இல்லை, முறை தெரிந்த ராணுவம் என்பதை அந்த நாய் போய்ச் சொல்லியிருக்கும்.

இன்னொன்றையும் எழுதாவிட்டால் பேரேடு ஒருபக்கமாகிவிடும். 1796ல், அதே ஃபிலடெல்ஃபியாவில், வாஷிங்டன் ஜனாதிபதியாக இருந்த வீட்டிலிருந்து ஓனா ஜட்ஜ் என்ற இளம் அடிமைப் பெண் தப்பித்துப் போனாள். அவளைத் திரும்பப் பிடித்துவர அவர் 1799ல் சாகும்வரை முயன்றார். முடியவில்லை. உரியவரிடம் சேர்ப்பது என்பதில் அவர் யார் யாரை எல்லாம் சேர்த்து வைத்திருந்தார் என்பதை இதைப் படித்த பிறகு என்னால் மறக்க முடியவில்லை.

நிற்க. செகரட்டரிக்குப் போன் செய்தேன். பத்தே நிமிஷத்தில் ஹவாய் செருப்போடு ஓடி வந்தார். ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறார், கண்ணெல்லாம் சிவப்பு. நாய் அவர்மேல் ஏறிக் குதித்த வேகத்தில் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. மகள் எடுத்துக் கொடுத்தாள். என்னிடம் ஏதோ சொல்ல வந்தார், சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை அவரிடமிருந்து தண்ணீர் விஷயமாக அடுத்த கடிதம் வந்தது. நானும் பதில் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.